நான்கு மொழி பேசும் ஒருவர் யார்? எல்லையோர முஸ்லிம்களின் அடையாளம் குறித்துச் சில சிந்தனைகள்

தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டி வழியாக நாட்றாம்பாளையம் செல்லும் பேருந்தில் ஒரு முறை பயணம் செய்தோம். கிருஷ்ணகிரி மாவட்டத்தின் தென்மேற்கு மூலையில், காடு சூழ்ந்த மேட்டுநிலத்தில் அமைந்த ஊர் அது. அங்கிருந்து சாலை ஒகேனக்கல்லை நோக்கி இறங்குகிறது. காவிரியைக் கடந்தால் கர்நாடகம். எமக்கு அடுத்த இருக்கையில் துணி மூட்டையுடன் ஒரு வியாபாரி அமர்ந்திருந்தார். வயது அறுபதைத் தொட்டிருக்கும். நடத்துநரிடம் தமிழில் சீட்டுக் கேட்டார். முன்னிருக்கை மூதாட்டியிடம் கன்னடத்தில் நலம் விசாரித்தார். இடையில் ஏறிய விவசாயி ஒருவருடன் தெலுங்கில் பழைய கடனைப் பற்றிப் பேசினார். கைப்பேசி ஒலித்ததும் வீட்டாருடன் தக்னியில் உரையாடினார். பிறகு எம் பக்கம் திரும்பி, “நீங்க எந்த ஊரு பாய்?” என்றார். ஊரைச் சொன்னோம். “ஓ, லப்பையா?” என்று புன்னகைத்தார்.

அந்தப் புன்னகையில் பகை ஏதும் இல்லை. ஆயினும் அந்த ஒரு சொல்லால் அவர் எம்மை ஒரு பெட்டியில் வைத்துவிட்டார் என்பதை உணர்ந்தோம். அவர் தக்னி பேசத் தொடங்கிய கணமே, ‘பட்டாணி வீட்டுக்காரர்’ என்று நாமும் அவரை மனத்துக்குள் வேறொரு பெட்டியில் வைத்திருந்தோம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரே கலிமா, ஒரே கிப்லா, ஒரே மாநிலம். இருந்தும் ஐந்து நிமிடத்துக்குள் ‘நாம்’ என்றும் ‘அவர்கள்’ என்றும் இருவரும் பிரிந்து நின்றோம். இது எப்படி நிகழ்கிறது, எப்போது கேடாகிறது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இத்தகைய பிரிவுக்குப் பெரிய காரணம் எதுவும் தேவையில்லை என்பதை 1970ஆம் ஆண்டையொட்டி இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் உளவியலறிஞர் ஹென்றி தாஜ்ஃபெல் நடத்திய சோதனைகள் காட்டின. பதினான்கு, பதினைந்து வயதுப் பள்ளி மாணவர்களிடம் க்ளே, கண்டின்ஸ்கி ஆகிய இரு ஓவியர்களின் படங்களைக் காட்டி, எது பிடித்திருக்கிறது என்று கேட்டனர். விடைகளைக் கொண்டே இரு குழுக்களாகப் பிரித்ததாக மாணவர்களிடம் கூறப்பட்டது. உண்மையில் பிரிவினை கண்ணை மூடிக்கொண்டு செய்யப்பட்டது. தம் குழுவில் யார் இருக்கிறார் என்பதுகூட அம்மாணவர்களுக்குத் தெரியாது. ஆயினும், பிறருக்குச் சிறு தொகைகளைப் பங்கிடச் சொன்னபோது அவர்கள் தம் குழுவினர் பக்கமே சாய்ந்தனர். இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. தம் குழுவுக்கு மிகுதியான தொகை கிடைக்கும் வழியைவிட, தொகை குறைந்தாலும் மற்றக் குழுவைக் காட்டிலும் தமக்கு அதிகம் கிடைக்கும் வழியையே பலர் விரும்பினர். இலாபத்தைவிட இடைவெளி இனித்தது.

தாஜ்ஃபெலுக்கு இது வெறும் ஆய்வுப் பொருளன்று. போலந்தில் பிறந்த யூதராகிய அவர் இரண்டாம் உலகப் போரில் பிரெஞ்சுப் படையில் சேர்ந்து 1940இல் ஜெர்மானியரிடம் சிறைப்பட்டார். யூதர் என்பதை அவர் மறைக்கவில்லை. போலந்துக்காரர் என்பதை மறைத்து, பிரெஞ்சு யூதராகவே தம்மைக் காட்டிக்கொண்டார். அதனால் உயிர் தப்பினார். போர் முடிந்து திரும்பியபோது அவருடைய குடும்பத்தினர் பெரும்பாலோர் கொல்லப்பட்டிருந்தனர். தாம் எத்தகைய மனிதர் என்பதன்று, எந்தப் பெட்டியில் வைக்கப்பட்டோம் என்பதே தம் வாழ்வைத் தீர்மானித்தது என்பதை அவர் அறிந்திருந்தார்.

ஒசூர், கிருஷ்ணகிரிப் பகுதியின் மொழிக் கலப்புக்கு வருவோம். பாராமகால் எனப்பட்ட நிலப்பரப்பு, 1792ஆம் ஆண்டின் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு மாறியது. ஒசூர்ப் பகுதியில் கம்பெனியின் ஆட்சி 1799இல் திப்பு வீழ்ந்த பின்னரே உறுதிப்பட்டது. அதற்கு முன் பீஜப்பூர், மைசூர் ஆகியவற்றின் ஆணைகள் இங்கே செல்லுபடியாயின. படையுடனும் நிர்வாகத்துடனும் வணிகத்துடனும் வந்த தக்காண முஸ்லிம்களின் வழித்தோன்றல்கள் இங்கே நிலைத்தனர். தெலுங்கும் கன்னடமும் பேசும் உழுகுடிகள் அதற்கு முன்பே இருந்தனர். 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மொழிவழியாகத் திருத்தியமைக்கப்பட்டபோது, பல மொழிகள் புழங்கிய இந்த வட்டாரம் சென்னை மாநிலத்தில், சேலம் மாவட்டத்தின் பகுதியாக நின்றது. 1965இல் தருமபுரி மாவட்டத்துக்கும் 2004இல் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கும் உரியதாயிற்று. எல்லைகள் நகர்ந்தன, மக்கள் நகரவில்லை.

1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் முதலிய ஆலைகள் எழுந்தன. தமிழகத்தின் தென்கோடியிலிருந்தும் பின்னர் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம் முதலிய மாநிலங்களிலிருந்தும் தொழிலாளர் வந்து குவிந்தனர். அதன் விளைவாக ஒரு விந்தை நிகழ்கிறது. தாய்மொழி உருது என்று பெருமையுடன் சொல்லும் ஒசூர்க்காரர், பீகாரிலிருந்து வந்த முஸ்லிம் தொழிலாளியிடம் ‘நக்கோ’ என்றும் ‘ஹௌ’ என்றும் பேசும்போது, வந்தவர் முகத்தில் வியப்புத் தோன்றுகிறது. வடக்கே ‘நஹீ’, ‘ஹாங்’ என்று வழங்குவோருக்குத் தக்னி ஏதோ தென்னாட்டு மொழியாகவே ஒலிக்கிறது. எம்மிடம் ‘உருதுக்காரர்’ ஆக இருப்பவர் அவரிடம் ‘மதராஸி’ ஆகிவிடுகிறார். ஒருவரின் அடையாளம் அவருக்குள்ளே மட்டும் குடியிருப்பதன்று. எதிரே நிற்பவர் யார் என்பதைப் பொறுத்து அது வெளிப்படுகிறது.

இதன் கசப்பான சான்று 2016 செப்டம்பரில் கிடைத்தது. காவிரி நீர் குறித்த உச்ச நீதிமன்ற ஆணையைத் தொடர்ந்து, செப்டம்பர் 12 அன்று பெங்களூரில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பேருந்துகளும் சரக்குந்துகளும் எரிக்கப்பட்டன. எல்லையில் போக்குவரத்து நின்றது. ஜூஜூவாடியில் இறங்கிய பயணிகள் மூட்டை முடிச்சுகளுடன் அத்திப்பள்ளி நோக்கி நடந்து சென்றனர். கல்லெறிந்தவர் எவரும் வண்டியோட்டியின் தாய்மொழியைக் கேட்கவில்லை; பதிவெண் பலகையைப் பார்த்தார்கள், அவ்வளவே. வீட்டில் தக்னி பேசும் ஓட்டுநரும், தெலுங்கு பேசும் ஓட்டுநரும், ஏன், கன்னடமே பேசும் தளிப் பகுதி ஓட்டுநரும் அன்று தமிழராயினர். 1991 டிசம்பர்க் கலவரத்தைக் கண்ட முதியோருக்கு இது புதிதன்று. ‘உருதுக்காரர் தமிழரா?’ என்று நம்மவர் நடத்தும் நீண்ட விவாதத்துக்கு அக்கலவரக்காரர்கள் ஒரே நாளில் விடை சொல்லிவிட்டார்கள்! பகைவர் சூட்டும் அடையாளம் பெரும்பாலும் பிழையானது, ஆனால் வலிமையானது.

பகைவர் சூட்டிய பெயரே ஒரு மக்களின் கொடியாக மாறிய வரலாறும் உண்டு. தமிழ் வாசகர் அதிகம் அறியாத பிலிப்பைன்ஸ் அதற்கு எடுத்துக்காட்டு. ஸ்பானியர் தம் நாட்டிலிருந்து ஐபீரிய முஸ்லிம்களை ‘மோரோ’ என்று அழைத்துப் பழகியவர்கள். பதினாறாம் நூற்றாண்டில் ஆசியாவின் கிழக்குத் தீவுகளுக்கு வந்து சேர்ந்தபோது, அங்கும் முஸ்லிம்களைக் கண்டு அதே பெயரைச் சூட்டினர். சூலுத் தீவுகளின் தவ்சுக் மக்களும் மிண்டனாவோவின் மகுயிந்தனாவோ, மரனாவோ மக்களும் தத்தம் மொழியும் தலைமையும் கொண்ட தனித்தனிச் சமூகத்தினர்; தம்மை ஒரே இனமாகக் கருதியதில்லை. அதே பெயரைப் போர்த்துகீசியர் இலங்கைக்குக் கொண்டுவந்தனர். தமிழில் சோனகர் எனப்பட்டோர் ஐரோப்பியர் ஏட்டில் ‘மூர்’ ஆயினர். ஓர் ஐபீரியச் சொல் இந்துமாக் கடலின் நடுவிலும் பசிபிக் கடலின் ஓரத்திலும் இரு வேறு முஸ்லிம் சமூகங்களுக்குப் பெயராகி நின்றது.

‘பிலிப்பினோ’ என்ற பெயரின் கதையும் இதற்குச் சளைத்ததன்று. 1543இல் ஸ்பானிய இளவரசர் பிலிப்பின் நினைவாகச் சில தீவுகளுக்கு இடப்பட்ட பெயர் பின்னர் தீவுக்கூட்டம் முழுமைக்கும் பரவிற்று. நெடுங்காலம் ‘பிலிப்பினோ’ என்பது அத்தீவுகளில் பிறந்த ஸ்பானியரையே குறித்தது. மண்ணின் மக்கள் ‘இந்தியோ’ எனப்பட்டனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹோசே ரிசால் முதலிய படித்த இளைஞர் அப்பெயரை ஆள்வோரிடமிருந்து பறித்துத் தமதாக்கினர். அந்தத் தேசியம் பெரிதும் கத்தோலிக்க வடக்கில் உருவானது. 1937இல் தேசிய மொழிக்கு அடிப்படையாகத் தகாலோக் தேர்ந்தெடுக்கப்பட்டபோது செபுவானோ பேசுவோர் முணுமுணுத்தனர். தெற்கு முஸ்லிம்களோ தங்களைப் பிலிப்பினோவாக உணர்வதற்கே காரணம் காணவில்லை. 1968இல் கொரிகிடோர் தீவில் இராணுவப் பயிற்சியில் இருந்த முஸ்லிம் இளைஞர்கள் கொல்லப்பட்ட செய்தி நெருப்பை மூட்டிற்று. 1970களின் தொடக்கத்தில் நூர் மிசுவாரி தலைமையில் எழுந்த இயக்கம் ‘மோரோ’ என்ற வசைச்சொல்லையே எடுத்து, ‘மக்கள்’, ‘தேசம்’ எனப் பொருள்படும் மலாய்ச் சொல்லான ‘பங்சா’வுடன் இணைத்துப் ‘பங்சமோரோ’ என்று முழங்கிற்று. பல்லாயிரவரைப் பலிகொண்ட போருக்குப் பின் 2014இல் உடன்பாடும் 2018இல் தன்னாட்சிச் சட்டமும் வந்தன. 2019இன் வாக்கெடுப்புகள் அச்சட்டத்தை ஏற்றன.

இங்கே கதை முடிந்திருந்தால் நம் மேடைப் பேச்சாளர்களுக்கு வசதியாக இருந்திருக்கும். அதே வாக்கெடுப்பில் தவ்சுக் மக்களின் தாயகமாகிய சூலு மாகாணம் எதிர்த்து வாக்களித்தது. இருந்தும் அது தன்னாட்சிப் பகுதியில் சேர்க்கப்பட்டது. 2024 செப்டம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சூலு அதன் பகுதியன்று எனத் தீர்ப்பளித்தது. மணிலாவுக்கு எதிரே நின்றபோது மோரோ என்று ஒன்றானவர்கள், அதிகாரத்தைப் பங்கிடும் வேளையில் தவ்சுக் என்றும் மகுயிந்தனாவோ என்றும் தம்மை உணர்ந்தனர். பொது எதிரி தந்த ஒற்றுமைக்கு அந்த எதிரி உள்ளவரையே ஆயுள். மொத்த மக்களில் அந்நாட்டு முஸ்லிம்கள் 2020 கணக்கின்படி ஏறத்தாழ 6.4 விழுக்காடு, தமிழகத்தில் 2011 கணக்கின்படி முஸ்லிம்கள் 5.86 விழுக்காடு. விகிதத்தில் நெருங்கியிருக்கும் இரு சிறுபான்மைகள். வரலாறு வேறு, நிலம் வேறு என்பதால் ஒப்புமையை மேலும் நீட்ட விரும்பவில்லை.

இலங்கையின் பாடம் இதனினும் நெருக்கமானது. சோனகர் இனத்தால் தமிழரே, மதத்தால் மட்டும் வேறுபட்டவர் என்று பொன்னம்பலம் இராமநாதன் 1888இல் ஆய்வுரை ஒன்றை வெளியிட்டார். சட்டசபையில் முஸ்லிம்களுக்குத் தனிப் பிரதிநிதி வேண்டும் என்ற குரல் எழுந்த காலம் அது. ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் மறுப்பு நூல் எழுதி, சோனகர் அரபு வழியினர் என வாதிட்டார். இருவர் வாதத்திலும் வரலாறு கொஞ்சம், அரசியல் மிகுதி என்பது எம் கருத்து. தமிழையே தாய்மொழியாகக் கொண்டு, தமிழிலேயே கவி பாடிய ஒரு சமூகம், ‘நீ எம்மவன்’ என்று அழைக்கப்பட்ட விதத்தினாலேயே ‘நான் உம்மவன் அல்லன்’ என்று விலகிற்று. அந்த அழைப்பில் தோழமையைவிட விழுங்கும் வேட்கையே தெரிந்தது. 1915 கலவரத்துக்குப் பின் இராமநாதன் எடுத்த நிலைப்பாடும், நெடுங்காலம் கழித்து 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடபுல முஸ்லிம்களை வெளியேற்றியதும் அந்த விலகலுக்கு முத்திரையிட்டன.

மொழியை ஒருவர் இழக்காமலே மொழியின அடையாளத்தைக் கைவிடக்கூடும் என்று இலங்கை காட்டுகிறது. மொழி வேறாக இருந்தும் ஒருவர் ஒரு நிலத்தின் அடையாளத்துக்கு உரியவராகலாம் என்பதை ஒசூர் காட்டுகிறது. தமிழக அரசின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியல் இவ்விரண்டையும் ஒரே வரியில் அடக்கியிருப்பது வேடிக்கை. 2007ஆம் ஆண்டுச் சட்டம் வழங்கிய 3.5 விழுக்காட்டுத் தனி ஒதுக்கீட்டுக்கு உரிய முஸ்லிம் பிரிவுகள் ஏழு: அன்சார், தக்கனி முஸ்லிம், துதேகுலா, லப்பை, மாப்பிள்ளை, ஷேக், சையத். இவற்றுள் லப்பை என்ற பதிவு ராவுத்தரையும் மரைக்காயரையும் உள்ளடக்குகிறது. அதில், பேசும் மொழி தமிழாயினும் உருதாயினும் சரி என்று ஒரு குறிப்பும் உண்டு. ஆக, ‘லப்பை என்றால் தமிழ் பேசுபவர்’ என்ற நம் பேருந்து நண்பரின் இலக்கணம் அரசு ஏட்டில் செல்லாது. துதேகுலா என்போர் பஞ்சு கொட்டும் தொழில்வழி வந்த, பெரும்பாலும் தெலுங்கு பேசும் முஸ்லிம்கள். பட்டாணியர் என்ற பெயர் இப்பட்டியலில் இல்லை. அதனால் பெருமைக்குப் பட்டாணி என்றும் சான்றிதழுக்கு வேறு பெயரும் சொல்லும் குடும்பங்களை நாம் அறிவோம். இடைவெளி இனித்தாலும் ஒதுக்கீடு அதனினும் இனிக்குமல்லவா!

குழுப்பெயர்களே கூடாது, எல்லோரும் முஸ்லிம் என்று மட்டும் சொல்லிக்கொள்வோம் என்பார் உண்டு. இக்கருத்து பக்தியுடன் கூறப்படுவதால் மறுக்கத் தயங்குவோம். ஆயினும் இது முழுமையானதன்று. சமூகங்களும் குலங்களும் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்காகவே ஆக்கப்பட்டன என்பது அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் பதின்மூன்றாம் வசனம் தரும் கருத்து. மதீனா உடன்படிக்கையில் குலங்கள் பெயர் சொல்லியே குறிக்கப்பட்டன, அழிக்கப்படவில்லை. முரைஸீ நீர்நிலையருகே நிகழ்ந்ததை ஹதீஸ் நூல்கள் பதிவு செய்துள்ளன. முஹாஜிர் ஒருவர் அன்சாரி ஒருவரைத் தாக்க, ஒருவர் அன்சாரிகளையும் மற்றவர் முஹாஜிர்களையும் உதவிக்கு அழைத்தனர். நபி (ஸல்) அவர்கள் அதனை அறியாமைக் காலத்துக் கூக்குரல் என்று கடிந்தார்கள். அன்சார், முஹாஜிர் என்ற இரண்டும் இறைமறையே சிறப்பித்த பெயர்கள்! பெயரில் குற்றமில்லை, நியாயத்தைக் கேளாமல் ஆள் சேர்க்கும் அழைப்பாக அது மாறியதே குற்றம். குழுப்பற்றை ‘அஸபிய்யா’ என்று ஆய்ந்த இப்னு கல்தூன், 1377இல் எழுதிய முகத்திமாவில் அதனை ஆட்சிகளை எழுப்பும் ஆற்றலாகவே கண்டார் என்பதும் நினைவுகூரத்தக்கது.

இந்த அளவுகோலை நம் மீதே வைத்துப் பார்ப்போம். உருது பேசும் குடும்பத்தில் பெண் எடுக்கத் தயங்குவதற்குத் தமிழ் பேசும் நம்மவர் கூறும் காரணங்கள் எவை? ‘படையோடு வந்தவர்கள்’ என்பது ஒன்று. நம் முன்னோர் கப்பலோடு வந்ததாகப் பெருமை பேசும் அதே வாயால் இதையும் சொல்கிறோம். மறுதரப்பிலோ, தமிழில் மார்க்கம் கற்றவரை அரைகுறை என்று எண்ணும் வழக்கம் முற்றிலும் ஒழிந்துவிடவில்லை. ஜும்ஆப் பேருரை தமிழிலா உருதிலா என்பதில் பல மஹல்லாக்கள் மனம் கசந்துள்ளன. மணமகள் தேடுவதில் மொழியொற்றுமை பார்ப்பது இயல்பான வசதி. ஆனால் மஹல்லாவின் வாக்குரிமையிலும், ஏழைக்கு ஜகாத் பங்கிடுவதிலும் அது நுழையுமாயின், அது நீர்நிலையருகே எழுந்த அழைப்பேயாகும்.

பள்ளிக்கூடத்தில் இச்சிக்கல் இன்னும் கூர்மையானது. 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் முதல் வகுப்பிலிருந்து தமிழைப் படிப்படியாகக் கட்டாயமாக்கிற்று. அம்மாணவர்கள் பத்தாம் வகுப்பை எட்டியபோது, கிருஷ்ணகிரி மாவட்டத்தின் தெலுங்கு, கன்னட, உருதுப் பள்ளிகளிலிருந்து எதிர்ப்பு எழுந்தது. நீதிமன்றங்கள் பல ஆண்டுகள் விலக்கு அளித்தன. எல்லையோரத்து உருதுக் குழந்தை தமிழை நன்கு கற்க வேண்டும் என்பதில் எமக்கு ஐயமில்லை. ஒசூர் ஆலை வாயிலிலும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் அதுவே அவனுக்குத் துணை. ஆனால் போதிய தமிழாசிரியரை நியமிக்காமல் தேர்வுத்தாளை மட்டும் நீட்டுவது, இராமநாதன் விடுத்த அழைப்பைப் போன்றதே.

2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாகக் கொண்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியும் கேட்கப்படும் என 2025இல் அறிவிக்கப்பட்டது. ‘முஸ்லிம் என்று மட்டும் எழுதுங்கள்’ என்றும், ‘பிரிவைக் கட்டாயம் எழுதுங்கள்’ என்றும் இருவேறு அறிவுரைகள் நம்மிடையே உலவுகின்றன. ஒதுக்கீட்டைப் பிரிவுகளின் பெயரால் பெற்றுக்கொண்டு, கணக்கில் மட்டும் பிரிவை மறைப்பது பொருந்தாது என்பது எம் நிலைப்பாடு. மொழியைப் பொறுத்தவரை, தாய் தம் பிள்ளையிடம் குழந்தைப் பருவத்தில் பேசிய மொழியே தாய்மொழி என்பது கணக்கெடுப்பின் வரையறை. அதைச் சொல்ல வேண்டியவர் வீட்டார். எழுத வருபவர் ஊகித்து நிரப்பக் கூடாது. 2011இல் தமிழக மக்களில் உருதைத் தாய்மொழியாகக் குறித்தோர் ஏறத்தாழ 1.75 விழுக்காடு. வீட்டில் உருது பேசியும் வேறு மொழி எழுதியோர், தமிழ் பேசியும் பெயரைக் கண்டு உருது என எழுதப்பட்டோர் என இரு வகையினரையும் அந்த எண்ணுக்குள் பிரித்தறிய வழியில்லை.

அந்தப் பேருந்தில் துணி வியாபாரியிடம், சென்ற கணக்கெடுப்பில் என்ன எழுதினீர்கள் என்று கேட்டோம். சற்றே யோசித்தார். “நான் எங்கே எழுதினேன்? டீச்சரம்மா வந்தாங்க, பேரைக் கேட்டாங்க, அவங்களே எழுதிக்கிட்டாங்க” என்றார். அந்தப் படிவத்தில் தாய்மொழியைத் தவிர, தெரிந்த வேறு மொழிகளாக இரண்டை மட்டுமே குறிக்க இடமிருந்தது என்று சொன்னோம். அவர் விரல்விட்டு எண்ணினார். தக்னி, தமிழ், கன்னடம், தெலுங்கு. “அப்ப ஒண்ணை விடணுமே பாய்” என்றார். எதை விடுவீர்கள் என்று கேட்பதற்குள் நாட்றாம்பாளையம் வந்துவிட்டது. மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு இறங்கியவர், கீழே நின்றவரிடம் கன்னடத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தார்.